ரோதையின் ஏழாவது சுற்று

பிரேமினியின் தலையணையில் வெள்ளைப்பூண்டு எண்ணெய் வாடை அடித்தது. விழித்ததும் மூக்குக்கு வந்தது அதுதான். பிறகுதான் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஈரம் தெரிந்தது. விரலால் தொட்டாள். மஞ்சளாக நூல் இழுத்தது. இடது காதுக்குள்ளிருந்து மெதுவாக ஒழுகி, கழுத்து மடிப்பில் தேங்கி, அங்கேயே கொஞ்சம் காய்ந்தும் போயிருந்தது. நேற்றுப் படுக்கும்போது அவளுக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. வெள்ளைப்பூண்டு எண்ணெயை அவள் பிறந்ததிலிருந்து காதில் விட்டதும் இல்லை.

அவள் எதற்கும் அருவருப்புப் படுகிறவள். பாடசாலையில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'டெட்டோல் டீச்சர்' என்று சொல்வது அவளுக்கும் தெரியும். பிறர் வீட்டுக் கோப்பையில் தேநீர் குடிக்கமாட்டாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் கை கழுவுவாள், யாராவது பக்கத்தில் காறித் துப்பினால் அன்றைக்குப் பகல் சாப்பாடு போச்சு. கணிதம் படித்ததே அதனால்தான் என்று தனுஷன் கேலி செய்வான். தனுஷன் அவள் கணவன், கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. "இலக்கத்துக்கு வாடை கெடையாது, அதான் ஒனக்குப் புடிக்குது" என்பான். அதில் பொய்யில்லை. எண்கள் சுத்தமானவை, தொட்டால் கையில் ஒட்டாதவை.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து போட்ட இடம், வட்டகொடைக்கு மேலே, மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரட்டை லயம். முன்பக்கம் மூன்று அறை, அதே நடுச்சுவருக்குப் பின்பக்கம் மூன்று அறை, முதுகோடு முதுகு ஒட்டியபடி. மழையில் மலை சரிந்து கீழ்ப்பிரிவு லயங்கள் மண்ணுக்குள் போனபின் மற்ற எல்லோரையும் பாடசாலை மண்டபத்தில் தங்கவைத்தார்கள். கூட்டத்தோடு படுக்கவைக்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட ஆறு பேர் மட்டும் இங்கே. காரணம், ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொன்று.

முன்பக்கத்து முதல் அறையில் சின்னராசா. தொழிற்சாலை ஓடிய காலத்தில் அதில் வேலை பார்த்தவர், நெஞ்சு நிறையச் சளி. அடுத்தது மீனம்மா; ஈரத்தில் நின்று கொழுந்து பறித்துப் பறித்துக் கால் விரலிடுக்கெல்லாம் வெந்த சேற்றுப்புண். மூன்றாவது அறை பிரேமினிக்கு, ஆறு மாத வயிற்றோடு. பின்பக்கத்தில், சின்னராசாவின் சுவருக்கு அந்தப்புறம் அழகன். கசிப்புக் குடிகாரன், பிடரியில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. மீனம்மாவுக்குப் பின்னால் ஜீவராணி. காதில் ஓயாத சீழ். பிரேமினிக்குப் பின்னால் ஞானரட்ணம், ஓய்வுபெற்ற தபால்காரர். கை கால் எல்லாம் சொறி, நடந்தால் செதில் உதிரும். இந்தக் கூட்டத்தில் தன் பிள்ளையையும் ஒரு நோயாக எண்ணிச் சேர்த்துவிட்டார்களே என்று பிரேமினிக்கு வந்த நேரத்திலிருந்து ஆத்திரம்.

பூண்டு எண்ணெய் ஜீவராணியின் காது வைத்தியம். அந்த வாடை தன் தலையணைக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே டெட்டோல் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. வாசலில் ஜீவராணியின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா டீச்சர், ரெண்டு காதும் சுத்தமா காஞ்சு போச்சு! நெஞ்சுதான் கொர்ர்ருங்குது, இந்தக் குளிருக்கு." சொல்லிவிட்டு இருமினாள். சின்னராசாவின் இருமல். அடியிலிருந்து இழுத்து, வாய்க்குள் உருட்டி, முற்றத்தில் துப்பினாள். பிரேமினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய பக்கம் ரோதை நின்றது.

முற்றத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் ஆளுயரத்துக்கு நின்ற இரும்புச் சக்கரம் அது. தொழிற்சாலையின் மற்ற இயந்திரங்களெல்லாம் பழைய இரும்புக்குப் போனபோது இதை மட்டும் தோட்டத்துச் சனம் விடவில்லை. ரோதைமுனி குடியிருக்கும் சக்கரம். அந்தக் காலத்தில் காலையில் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சை வெட்டி, ரோதையைக் கையால் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் இயந்திரத் தோல்பட்டியை மாட்டி ஓடவிடுவது. வந்த அன்று காலையே சின்னராசா புல்லைப் பிடுங்கி, அச்சுக்கு எண்ணெய் விட்டு, பழைய வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றினார். ஓடவிடுவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

சக்கரத்துக்கு ஆறு ஆரம். ஒவ்வோர் ஆரத்தின் தலையிலும் இரும்பிலேயே வார்த்த ஓர் இலக்கம்: 1, 4, 2, 8, 5, 7. அதைப் பார்த்ததும் பிரேமினி, கணித வாத்தியாருக்கு வரும் சந்தோசத்தில், சின்னராசாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

"மாமா, இது சும்மா நம்பர் இல்ல. ஒரு லட்சத்து நாப்பத்திரண்டாயிரத்து எண்ணூத்தி அம்பத்தேழு. இத ரெண்டால பெருக்கினா 285714. மூணால பெருக்கினா 428571. பாருங்க, அதே ஆறு இலக்கந்தான். வரிசைகூட மாறல. ஆரம்பிக்கிற எடம் மட்டுந்தான் சுத்தி வருது!"

"அப்புடீங்களா," என்றார் அவர், பீடியைத் தேடிக்கொண்டு.

நிவாரணப் பொதி கொடுக்கக் கதவுகளுக்கு இலக்கம் போட்டு வைக்கும்படி கிராம சேவகர் சொல்லியிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கலாம். எழுதித் தொலைத்திருக்கலாம். அவள் சுண்ணாம்பைக் குழைத்து முன்பக்கம் 1, 4, 2 என்றும் பின்பக்கம் 8, 5, 7 என்றும் எழுதினாள். முதுகோடு முதுகு நின்ற கதவுகளைக் கூட்டிப் பார்த்தாள்: ஒன்றும் எட்டும், நான்கும் ஐந்தும், இரண்டும் ஏழும். எல்லாம் ஒன்பது. அவ்வளவு அழகான ஒன்று இந்த அழுக்கு லயத்தில் பொருந்தியிருப்பதைப் பார்த்து அவளுக்கு வந்த நாளின் வெறுப்புக்கூடக் கொஞ்சம் தணிந்தது.

இதோ இரண்டாம் நாள். ஜீவராணி துப்பிய இடத்தைத் தாண்டிச் சின்னராசா வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ராத்திரி ஒரு இருமல் இல்ல டீச்சர். எல்லாம் முனி புண்ணியம். வயித்துலதான் என்னமோ வாயு உருண்டுக்கிட்டே இருக்கு."

பனியனை மார்புவரை தூக்கிக் காட்டினார். நரைமுடி படர்ந்த, சுருங்கிய, அழுக்கு ஓடிய கிழவயிறு. அதன் வலது பக்கத்தில், விலா எலும்புக்குக் கீழே, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று தோலை முட்டி எழுந்தது. உருண்டையாக, சின்னதாக. ஒரு குதிகால் அளவு. அப்படியே நகர்ந்துபோய் அமிழ்ந்தது.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். அவள் பிள்ளை உதைக்கும் இடம் அது. எப்போதும் வலது விலாவுக்குக் கீழேதான்.

தன் வயிற்றில் கை வைத்தாள். பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பகல் முழுக்க, சீனித் தண்ணீர் குடித்தும், இடப்பக்கம் சரிந்து படுத்தும், தட்டிக் கூப்பிட்டும், உள்ளே ஒரு அசைவும் இல்லை. கீழே பாதை மண்ணில் மூடிக் கிடந்தது. சிக்னல் கோபுரம் விழுந்து போனும் செத்துப் போயிருந்தது. மருத்துவமனைக்குப் போக வழியில்லாத இடத்தில் அவள் ஓர் உதைக்காகக் காத்துக் கிடந்தாள்.

மூன்றாம் நாள் ரோதை சுற்றிய சத்தத்தில்தான் விழித்தாள். எண்ணெய் போதாத இரும்பு, பல்லைக் கூசவைத்து, இழுத்து இழுத்து ஒரு சுற்று. காது காய்ந்திருந்தது. பிடரியில் நெருப்பு. கை போனது; தோல் இறுகி, சூடாக, நடுவில் மெத்தென்று ஒரு கட்டி. அழுத்திய விரல் ஈரமாகித் திரும்பியது. வயிறு காற்றுப் போன பந்தாகத் தொய்ந்திருந்தது.

பக்கத்து அறையில் மீனம்மா ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். "பேரன் எடுத்த வயசுல மசக்க வந்த மாதிரி இருக்கு டீச்சர், கேட்டா சிரிப்பாங்க!"

பிரேமினி சிரிக்கவில்லை. சோக்கட்டியால் கதவுப் பலகையில் எழுதினாள். இது மூன்றாவது சுற்று; மூன்றால் பெருக்கினால் 428571. முதல் கதவில் 4. மீனம்மாவின் கதவில் 2. தன் கதவில் 8. கதவில் விழும் இலக்கம் யாருடையதோ அவருடைய நோய் அங்கே. அப்படியானால் சின்னராசாவின் காலில் மீனம்மாவின் சேற்றுப்புண் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தாள். இருந்தது, விரல்களை அகற்றிக் காட்டியபோது வெள்ளையாக ஊறிய தோலுக்கடியில் சிவப்பும் ஒரு புளித்த வாடையும். பின்பக்கம் அழகனின் காதில் சீழ். ஜீவராணியின் காலில் சொறி. ஞானரட்ணத்தின் நெஞ்சில் சளி. ஒருவர் கோப்பையைக்கூடத் தொடாதவள் அத்தனை பேர் உடம்பையும் முகர்ந்து பார்த்துவிட்டு வந்து முற்றத்தில் வாந்தியெடுத்தாள்.

கணக்கு ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

"மாமா, நாளைக்கு ரோதையச் சுத்தாதீங்க," என்று போய் நின்றாள்.

"என்னா டீச்சர் இப்புடிச் சொல்றீங்க? ஒரு நாளு கை நின்னாலும் முனி கோவிச்சுக்கும். மலை மறுபடி எறங்கினா யாரு பதில் சொல்றது?"

மேலும் கெஞ்ச வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்தச் சுற்றோடு நிறுத்தினால் பிள்ளை மீனம்மாவிடமே தங்கிவிடும். திரும்பி வந்து மீதியை எழுதிப் பார்த்தாள். நான்காவது சுற்றில் தன் இலக்கமான இரண்டு ஜீவராணியின் கதவுக்குப் போகும். ஐந்தாவதில் அழகன். ஆறாவதில் ஞானரட்ணம். அவள் கதவுக்கு வரவே வராது.

ஏழால் பெருக்கினால் 999999. ஆறு கதவிலும் ஒன்பது, எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி.

எட்டால் பெருக்கினால் 1142856. ஏழு இலக்கம். முன்னால் கூடுதலாக வந்த ஒன்றைக் கழற்றிக் கடைசி ஆறோடு கூட்டினால் மறுபடி 142857. எல்லாம் பழைய இடத்தில். பிள்ளை அவள் வயிற்றில்.

எட்டுக்குப் போக ஏழைத் தாண்ட வேண்டும். ஈரத்துணியை எடுத்துக் கதவு இலக்கத்தை அழிக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். கதவில் இலக்கம் இல்லாமல் போனால் பிள்ளை எந்த வழியில் திரும்பி வரும் என்று பயம்.

நான்காம் நாள் அவள் நெஞ்சுக்குள் சின்னராசாவின் சளி. முதலில் துப்ப மறுத்தாள். தொண்டையில் வந்து அடைத்து நின்றது, உப்பும் பீடி வாடையுமாக. மூச்சு முட்டியபோது விழுங்கிவிட்டாள். இன்னொருவருடையதை. வழுக்கிக்கொண்டு இறங்குவது வயிறுவரை தெரிந்தது.

இருமிக்கொண்டே ஜீவராணியின் அறைக்குப் போனாள். கல்யாணமாகிப் பல வருடமாகப் பிள்ளையில்லாமல், புருசனும் விட்டுவிட்டுப் போன பெண். கட்டிலில் சாய்ந்து, மேடிட்ட வயிற்றில் இரு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அழகாக அவள் இருந்து பிரேமினி பார்த்ததில்லை.

"டீச்சர், கதவச் சாத்துங்க. யாருக்கும் சொல்லிறாதீங்க. எப்புடின்னு எனக்கே தெரியல. கையக் குடுங்க, இந்தா, இங்க."

பிரேமினியின் உள்ளங்கைக்குள் பிள்ளை உதைத்தது. வலது விலாவுக்குக் கீழே.

"அது என்னோடது ஜீவராணி."

ஜீவராணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண் மெதுவாகக் கீழே இறங்கியது. சேலைக் கொசுவம் தட்டையான வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்க வயிறு எங்க டீச்சர்?"

பிரேமினி முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்தினாள். ஜீவராணி கையைத் தட்டிவிட்டுச் சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ரோதை சுற்றி முடிந்ததும் பின்பக்கத்திலிருந்து வந்த ஓலம் அவளுடையது. தொய்ந்த வயிற்றில் அடித்துக்கொண்டு, பிடரிக் கட்டி உடைந்து முதுகில் வழிவதுகூடத் தெரியாமல் அழுதாள். பிரேமினி காதைப் பொத்திக்கொண்டாள். இரக்கம் வந்தது; அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஏனென்றால் பிள்ளை இப்போது அழகனிடம்.

அழகன் வாசலில் உட்கார்ந்து கசிப்புக் குடித்துக்கொண்டிருந்தான். ஊதிய வயிற்றை முட்டியால் குத்தினான்.

"என்னமோ ஒரு சனியன் உள்ள பொரளுது. குத்துனாத்தான் அடங்குது."

"குத்தாதீங்க அண்ணே! குடிக்காதீங்க, ஒங்க கால்ல விழுறேன்."

"என் வயிறு, என் கசிப்பு. ஒங்களுக்கு என்னா டீச்சர்?"

போத்தலைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தாள். தூசணத்தில் திட்டினான். சேற்றுப்புண் வெடித்த காலோடு பகல் முழுக்க அவன் வாசற்படியில் காவல் இருந்தாள். அவன் வாந்தியெடுத்தபோது, அது அவன் வயிற்றில் கிடந்த பிள்ளைமேலேயே வழிந்துவிடும் என்பதுபோல, இரு கையாலும் ஏந்தினாள். சூடாக இருந்தது. கசிப்பும் மரவள்ளியும். டெட்டோல் ஞாபகமே வரவில்லை.

ஆறாம் நாள் பாதை திறந்தார்கள். ஞானரட்ணத்தின் மகன் ஜூட்சன் மழைச் சட்டையோடு நடந்தே ஏறி வந்தான். அப்பாவின் வயிற்றைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"தண்ணி கட்டியிருக்கு டீச்சர். நாளைக்கு விடிய வேன் கொண்டாறேன். ஹட்டனுக்குக் கொண்டு போவோம். ஊசியப் போட்டுத் தண்ணிய இழுத்துட்டா சுகமாயிரும்."

ஊசி. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வயிற்றுக்குள் ஊசி. தண்ணீர் என்று நினைத்து.

"அதுல புள்ள இருக்கு தம்பி," என்றாள்.

ஜூட்சன் அவளைப் பார்த்தான். சொறி பிடித்துச் செதில் உதிரும் கைகளை, சீவாத தலையை, தட்டையான வயிற்றை. கண் கலங்கியது அவனுக்கு. "நீங்களும் வாங்க டீச்சர். டாக்டர்கிட்டக் காட்டுவோம். இந்தக் காலத்துல புள்ள கலையிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சின்னராசாவிடம் போனாள். பிடரிக் கட்டியோடு காய்ச்சலில் கிடந்தார். நாளைக்குத் தன்னால் எழும்பி ரோதை சுற்ற முடியாது, முனி மன்னிக்கட்டும் என்றார். அவருக்குப் பதில் தான் சுற்றுவதாக அவள் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

பொழுது சாயும்போது தன் அறையின் நடுச்சுவரில் காதை வைத்தாள். சுவர் ஈரமாக, ஆள் உடம்புச் சூட்டோடு இருந்தது. பூஞ்சணம் கன்னத்தில் அப்பியது. அந்தப் பக்கம் ஞானரட்ணம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்கு அடியில் இன்னொன்று. மெல்ல, விட்டு விட்டு. பிள்ளைக்கு விக்கல். அவள் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஒரு கணக்கு மட்டும் தொந்தரவு செய்தது. ஒன்றால் பெருக்கினாலும் ஆறால் பெருக்கினாலும் இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தேழுதான். ஆறு பேரிடம் இருந்தது ஆறு பேருக்குள்ளேயே சுற்றியது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏழில் மட்டும் ஐம்பத்துநான்கு. நேர் இரட்டிப்பு. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்து வந்தாலும் ஒரு கணம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையை எடுக்காமல் இரண்டு சுற்று. ஏழில் நிற்காமல் எட்டு.

விடியும் முன்னமே கொட்டகைக்குள் நின்றாள். மூடுபனி முற்றத்தை விழுங்கியிருந்தது. அழுகிய எலுமிச்சை, பழைய எண்ணெய், துருப்பிடித்த ஈரம், எல்லாம் சேர்ந்த வாடை தொண்டைக்குள் படிந்தது. கற்பூரம் நமுத்துப் போயிருந்தது, பற்றவில்லை. கீழே, தேயிலைக்கு நடுவே எங்கோ, ஒரு வேன் முக்கி முக்கி ஏறிவரும் சத்தம். கால் செதில்கள் ஈரத் தரையில் ஒட்டின. ஆரத்தைப் பிடித்தாள். இரும்பு பிசுபிசுத்தது. இழுத்தாள்.

அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அச்சு முனகியது. ஒன்று மேலேறியது. நான்கு. இரண்டு. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எட்டு. ஐந்து. பின்னால் லயத்தில் யாரோ இருமினார்கள். ஏழு.

ஒரு சுற்று.

நிற்காதே. இழு.

இழுத்தாள்.

நகரவில்லை.

வயிறு கனத்தது. திடுமென்று, முழுதாக, இடுப்பெலும்பு அகல. வலது விலாவுக்குக் கீழே உதை. அவள் விம்மினாள். வந்துவிட்டாயா. என் தங்கமே, வந்துவிட்டாயா.

அதே மூச்சில் நெஞ்சு அடைத்தது. சளி. காதில் சூடாக ஒன்று உடைந்து வழிந்தது. பிடரியில் கட்டி. கால் விரலிடுக்கில் வெடிப்பு. முழங்கால்வரை சொறி. எல்லாம். எல்லாமே அவளிடம். பரவாயில்லை. இருக்கட்டும். பிள்ளை இருக்கிறது.

இன்னும் ஒரே சுற்று. பலம் முழுவதையும் கொடுத்தாள்.

யாரோ பிடித்திருந்தார்கள்.

எதிர் ஆரத்தில் ஒரு கை. செதில் உதிரும் கை. மோதிர விரலில் தனுஷன் போட்ட மோதிரம்.

தன் விரலைப் பார்த்தாள். அங்கேயும் மோதிரம்.

பனி சற்று விலகியது. ரோதைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் மூன்று பேர். ஒரே சேலை. ஒரே சீவாத தலை. ஒரே வயிறு. ஆறு வாய் ஒன்றாகத் திறந்தது.

"என் புள்ள."

அவளும் அதைத்தான் சொன்னாள். எந்த வாயால் சொன்னாள் என்று தெரியவில்லை.

லயத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு கதவும் திறந்து கிடந்தன. எந்தக் கதவால் வந்தேன்? மூன்றாவது. நிச்சயமாக மூன்றாவது. ஆறு முகத்திலும் அதே நிச்சயம்.

ஆறு பேருக்கும் கணக்குத் தெரியும். இன்னும் ஒரு சுற்று. பிள்ளை ஒருத்திக்கு மட்டும். மற்ற ஐவரும் பழையபடி யாராவார்கள்? மீனம்மா? அழகன்? இப்போது உள்ளே உதைப்பது, இந்த உதை, இது இல்லாமல் போகும். அந்த ஒருத்தி நானாக இல்லாவிட்டால்.

இழுத்த கை நின்றது.

இறுக்கிப் பிடித்தாள். சுற்றாதே. யாரும் சுற்றாதீர்கள். ஆறு ஆரத்திலும் ஆறு கை, நரம்பு புடைக்க, ரோதையை அசையவிடாமல்.

வேன் வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. பனிக்குள்ளிருந்து ஜூட்சனின் குரல். "அப்பா! எந்திரிச்சிட்டீங்களா? போவோமா?"

சேற்றில் சளக் சளக்கென்று செருப்பொலி கிட்டத்தில் வந்தது. கொட்டகை வாசலில் நின்றது. அவன் கையிலிருந்த டோர்ச் வெளிச்சம் ஒரு முகத்தில் விழுந்தது. அடுத்த முகத்துக்குப் போனது. அதற்கடுத்ததற்கு. பிறகு முதல் முகத்துக்கே திரும்பி வந்தது.

ஆறு காதிலிருந்தும் சீழ் ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க ஒரு கையும் ரோதையை விட்டு வரவில்லை. ஈரச் சேலைகளுக்கு உள்ளே, வலது விலாவுக்குக் கீழே, ஆறு வயிற்றிலும் ஒரே நேரத்தில், சின்னதாக ஒரு குதிகால் முட்டி எழுந்தது.